பாறையும் பதிவேடும்

தீவுகளைப் பற்றி வாதிடுவதில் நம்மவர்க்கு நிகர் நம்மவரே. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கச்சத்தீவை மீட்டுக் கையிற் கொடுத்துவிடும் வீரர்கள் நம் கடைத்தெருக்களிற் பலர் உளர். 1974-ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையினால் அஃது இலங்கையைச் சேர்ந்தது என்பதையும், அதன் பரப்பு 285 ஏக்கர் என்பதையும் அவர்கள் மனப்பாடமாய் ஒப்புவிப்பார்கள். நன்று. மூதாதையர் நாட்டின் செய்தியை அறிந்திருத்தல் குற்றமாகாது. ஆயினும் தாம் உண்டு உறங்கி உழைத்து வாழும் நாட்டின் வாயிலிலே கிடக்கும் ஒரு பாறையைப் பற்றி அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மலேசியாவில் வாழ்பவர், "நம்முடையதை ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்கள்" என்பார். சிங்கப்பூரில் வாழ்பவர், "அஃது என்றைக்கும் நம்முடையதுதான், வீண் வழக்காடினார்கள்" என்பார். இரு கூற்றும் பிழை. இருவரும் தீர்ப்பைப் படித்தவர் அல்லர் என்பதொன்றே மெய்.

யாம் தோட்டத்துக் கிராணித் தொழில் புரிபவர். பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பதும், செக்ரோல் எழுதுவதும், வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் மறுமொழி வரைவதுமே எம் நாட்பணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற பயன் அவ்வளவே. அப்பழக்கத்தினால் சர்வதேச நியாயஸ்தலத்தின் அத்தீர்ப்பையும் பக்கம் பக்கமாய்ப் படித்தோம். சட்ட நிபுணர்க்கு அதில் எது பெரிதாய்த் தோன்றுமோ அறியோம். கிராணியின் கண்ணுக்கு ஒன்று தெளிவாய்த் தெரிந்தது. சிறு தீவுகள் முழக்கத்தால் வருவதில்லை. நாள்தோறும் செய்யும் வேலையாலும், அவ்வேலையை எழுதிவைக்கும் ஏட்டாலும் வருகின்றன. பேசவேண்டிய காலத்துப் பேசாமையாலும், அசட்டையாய் எழுதிய ஒரு வரியாலும் போகின்றன. இதனை நிறுவுதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் பாறையைப் பார்ப்போம். சிங்கப்பூர் ஜலசந்தியின் கிழக்கு வாயிலிலே, சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 24 கடல்மைல் தொலைவில் அது நிற்கிறது. ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல்மைல்; இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6 கடல்மைல். நீளம் 137 மீட்டர். சராசரி அகலம் 60 மீட்டர். கடல் வற்றிய வேளையில் அதன் பரப்பு 8,560 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஒரு காலைப் பொழுதில் வெட்டி முடிக்கும் நிரைகளுக்குக்கூட அஃது இடங் கொள்ளாது. போர்த்துகீசியர் பெட்ரா பிராங்கா என்றனர். மலாய்க்காரர் பத்து பூத்தே என்றனர். இரண்டிற்கும் வெண்பாறை என்பதே பொருள். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்த கருங்கல் அது. குடிக்க நீரில்லை, மரமில்லை, மனிதர் குடியில்லை.

அத்தகைய கல்லுக்கு மதிப்பளித்தது விளக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடலளவையாளராயிருந்து 1836-இல் இறந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பரோவின் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் அமைக்க வேண்டுமென வணிகர்கள் பணந் திரட்டினர். அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் அவ்விளக்கத்தைக் கட்டினார். 1850-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1851 அக்டோபரில் விளக்கு எரியத் தொடங்கியது. அன்று முதல் அதனைச் சிங்கப்பூர் அதிகாரிகளே பராமரித்து வந்தனர். எண்ணெய் ஊற்றியவர் அவர், காவலிருந்தவர் அவர், கணக்கு எழுதியவரும் அவரே.

ஏறத்தாழ 128 ஆண்டுகள் ஒருவரும் இதனைப் பற்றி வழக்குரைக்கவில்லை. 1979 டிசம்பர் 21-ஆம் நாள் மலேசியா வெளியிட்ட தேசப்படம் ஒன்று அப்பாறையைத் தன் கடலெல்லைக்குள் காட்டிற்று. 1980 பிப்ரவரி 14-இல் சிங்கப்பூர் எழுத்து மூலம் ஆட்சேபித்தது. பேச்சுவார்த்தைகள் பயனளிக்காமையால், 2003-இல் இரு நாடுகளும் உடன்பட்டு ஹேக் நகரத்து நியாயஸ்தலத்திடம் வழக்கை ஒப்படைத்தன. 2008 மே 23-இல் தீர்ப்பு வந்தது. 12 நீதிபதிகள் பாறை சிங்கப்பூரைச் சேர்ந்தது என்றனர், நால்வர் மாறுபட்டனர்.

"என்றைக்கும் நம்முடையது" என்னும் சிங்கப்பூர் நண்பர் இங்கே சற்று நின்று கேட்கவேண்டும். பாறை எவர்க்கும் உரியதன்றிக் கிடந்தது என்பதே சிங்கப்பூரின் வாதம். நியாயஸ்தலம் அதனை ஏற்கவில்லை. பழைய ஜொகூர் சுல்தானகத்தின் ஆட்சி அக்கடற்பரப்பெங்கும் பரவியிருந்தது என்றும், அக்கடலில் மீன்பிடித்தும் சுற்றியும் வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் சுல்தானுக்குக் கட்டுப்பட்ட குடிகளாயிருந்தனர் என்றும், ஆகவே விளக்கம் கட்ட ஆயத்தஞ் செய்த 1844-ஆம் ஆண்டுவரை பாறை ஜொகூருக்கே உரியது என்றும் அது தீர்ப்பளித்தது. அதே காரணத்தால், பாறைக்குத் தெற்கே 0.6 கடல்மைலில் உள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கே உரியன என்றது. அலை வற்றினால் மட்டும் தலைகாட்டும் தென்திட்டு, எந்த நாட்டின் கடலெல்லைக்குள் விழுமோ அந்நாட்டுக்கு உரியது என்று சொல்லி விட்டது. எனவே சிங்கப்பூருக்குக் கிடைத்தது பிறப்புரிமையன்று, சம்பாதித்த உரிமை.

இனி, "ஏமாற்றிப் பறித்தார்கள்" என்னும் மலேசிய நண்பரும் கேட்கட்டும். ஜொகூருக்குரிய பாறை எவ்வாறு கைமாறிற்று? இரவில் எவரும் வந்து கொடி நாட்டவில்லை. பகலிலே, எல்லாருங் காண, ஆண்டுக்காண்டு சிறு சிறு காரியங்கள் நடந்தன. 1920 தொடங்கி, அப்பாறையைச் சுற்றிய கடலில் நேர்ந்த கப்பல் விபத்துக்களைச் சிங்கப்பூர் அதிகாரிகளே விசாரித்தனர். அவ்விசாரணைகளுக்கு மலேசியா முதன்முதல் ஆட்சேபம் எழுப்பியது எப்போது? 2003 ஜூன் மாதத்தில். வழக்கை ஒப்படைக்கும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பின்னர்! 1977-இல் சிங்கப்பூர்க் கடற்படை தன் செய்தித் தொடர்புக் கருவிகளைப் பாறையிலே பொருத்தியது. 1978-இல் மலேசிய நில அளவை இலாகாவினர் அங்கே இறங்கியபோது, முன் அனுமதியின்றித் தங்கலாகாது என்று விளக்குக் காவலர் கூறினார். அவர்களும் திரும்பிச் சென்றனர். ஒரு விளக்குக் காவலரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓர் அரசாங்கத்தின் உத்தியோகஸ்தர் படகேறிய அந்நிகழ்ச்சி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஹேக் நகரத்துத் தராசிலே கனத்தது.

கொடியின் கதை இன்னும் வியப்புடையது. ஜொகூரின் மேற்குக் கரைக்கு அப்பால் பீசாங் தீவு உளது. அது மலேசியாவின் மண். அங்குள்ள கலங்கரை விளக்கத்தையும் சிங்கப்பூரே நடத்தி வந்தது. அங்கே பறந்த சிங்கப்பூர்க் கொடியை இறக்குமாறு 1968-இல் மலேசியா கேட்டது, சிங்கப்பூர் இறக்கிற்று. அதே கொடி பத்து பூத்தேயிலும் பறந்தது. அதனை இறக்குமாறு ஒருவரும் கேட்கவில்லை. ஓரிடத்தில் வாய் திறந்து மற்றோரிடத்தில் வாய் மூடியிருந்தால், மூடிய வாய்க்கும் ஒரு பொருள் உண்டென்று நியாயஸ்தலம் கொள்ளாதா? கொண்டது. அன்றியும், 1962 முதல் 1975 வரை மலாயாவும் பின்னர் மலேசியாவும் தாமே அச்சிட்ட தேசப்படங்கள் சிலவற்றில், பாறையின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. பிறர் எழுதியதன்று, சொந்த இலாகாவின் எழுத்து.

இவையனைத்திற்கும் மேலானது ஒரு கடிதம். 1953 ஜூன் 12-ஆம் நாள், சிங்கப்பூரின் குடியேற்றக் காரியதரிசி ஜொகூரிலிருந்த ஆங்கில ஆலோசகருக்கு எழுதினார். தம் கடலெல்லையை வரையறுக்க வேண்டியிருப்பதால், இப்பாறையை ஜொகூர் அரசு குத்தகையாகவோ தானமாகவோ கொடுத்ததற்கு யாதேனும் பத்திரம் உளதா என வினவினார். இதனை உற்று நோக்குங்கள். 102 ஆண்டு விளக்கேற்றிய பின்னும் சிங்கப்பூருக்கே ஐயமிருந்தது! "பாறை எம்முடையது, விளக்குக்கு மட்டும் இடங்கொடுத்தோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வழக்கின் போக்கே வேறாயிருக்கும். செப்டம்பர் 21-ஆம் நாள் ஜொகூரின் பதில் மாநிலக் காரியதரிசி மறுமொழி விடுத்தார்: பெட்ரா பிராங்காவுக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை. காரணம் எதுவும் அதில் இல்லை. அவ்வாறு எழுத அவர்க்கு அதிகாரமில்லை என்று மலேசியா வாதாடியது, நியாயஸ்தலம் ஒப்பவில்லை. கடிதத்தின் பொருள் தெளிவானது என்றே கொண்டது.

இக்கடிதத்தைக் காட்டியதும் நம் நண்பர்கள் துள்ளியெழுந்து, "அவனே துரோகி!" என்கிறார்கள். துரோகியைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவரெல்லாம் நிரபராதிகள் ஆய்விடலாமன்றோ? இந்த எளிய ஆறுதலையே யாம் முழுமூச்சுடன் எதிர்க்கிறோம். ஒரு பாறையை இழப்பதற்குத் துரோகி வேண்டியதில்லை. வேலை மிகுந்த ஒரு மேசையும், அவசரமான ஒரு மறுமொழியும், அதனைத் திரும்பப் படித்துப் பார்க்காத மேலதிகாரிகளும் போதும். இதனை எம் அனுபவத்தாலேயே அறிவோம். கூற வெட்கமாயினும் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அடுத்த தோட்டத்திலிருந்து எம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இரு தோட்டங்களுக்கும் இடையிலுள்ள ஓடையின் மேற் கிடக்கும் மரப்பாலமும், அதற்கப்பாலுள்ள மண்பாதையும் உங்களுடையனவா என்று கேட்டிருந்தார்கள். மழையினாற் பாலம் பழுதாகியிருந்தது. 'ஆம்' என்றால் செப்பனிடுஞ் செலவு எம் கணக்கில் ஏறும். துரை வெளியூர் சென்றிருந்தார். 'அவற்றிற்கு இத்தோட்டம் உரிமை கோரவில்லை' என்று ஒரே வரி எழுதி, அவருக்காக யாமே கையொப்பமிட்டு அனுப்பினோம். செலவு மிஞ்சியதென்று மகிழவும் செய்தோம். அப்பாதையின் மறுகோடியில் நம் தொழிலாளர் தலைமுறைகளாய்ப் பயன்படுத்திய இடுகாடு இருப்பது அவ்வேளையில் எம் நினைவில் எழவில்லை. அடுத்த ஆண்டு அத்தோட்டம் கைமாறியது. வந்தவர்கள் பாதைக்குக் கதவிட்டுப் பூட்டினார்கள். கேட்கப் போனபோது எம் கையெழுத்தையே எடுத்து எம் முன் வைத்தார்கள். ஒரு மூதாட்டியின் பிரேதத்தைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் சுற்றிச் சென்ற நாளில், அவர் மகன் எம்மருகே நடந்து வந்தார். "கிராணி ஐயா, அந்தப் பாலத்தைச் சரிபண்ண எவ்வளவு செலவாகியிருக்கும்?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுமொழி எம்மிடம் இல்லை. இன்றும் இல்லை.

எம்மைத் துரோகி என்பீர்களா? என்றாலும் வழக்காடோம். ஆனால் எம்மைத் திட்டுவதால் பாதையின் பூட்டுத் திறவாது. எம் கடிதத்தின் நகலை மறுநாள் துரையிடம் எவரேனும் வைத்திருந்தால், இடுகாட்டை ஒருவர் தோட்டத்து வரைபடத்திற் குறித்திருந்தால், அத்தவறு அப்போதே திருத்தப்பட்டிருக்கும். 1953-ஆம் ஆண்டுக் கடிதத்தின் நிலையும் இதுவே. அதன்பின் 1979 வரை 26 ஆண்டுகள் இருந்தன. ஒருவரும் அதனைத் திருத்தவில்லை என்பதே பெருங்குற்றம். அது தனி மனிதனின் குற்றமன்று, அலுவலகத்தின் குற்றம்.

தீர்ப்புக்குப் பின் நடந்ததையும் பாருங்கள். நியாயஸ்தலத்தின் விதிப்படி, முன்பு அறியப்படாத ஒரு புது உண்மை கிடைத்தால், கிடைத்த 6 மாதத்திற்குள்ளும், தீர்ப்பு வந்த 10 ஆண்டுக்குள்ளும் மறுசீராய்வு கோரலாம். பத்தாண்டு முடியுந் தறுவாயில், 2017 பிப்ரவரியில் மலேசியா விண்ணப்பித்தது. ஆதாரமாகக் காட்டிய 1958-ஆம் ஆண்டுத் தஸ்தாவேஜுகள் எங்கே கிடைத்தன? பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில்! நம் வீட்டுக் கணக்கை அயலார் பெட்டியில், அதுவும் வீடு ஏலம் போன பின்னர், தேடும் நிலை யாருக்கும் வரலாகாது. 2018 மே மாதத்தில் அவ்விண்ணப்பம் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2024-இல் இதனை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்து, அவ்வாண்டு டிசம்பரில் அதன் அறிக்கை மக்களவையில் வைக்கப்பட்டது. யார் மீட்டுக்கொண்டார், ஏன் மீட்டுக்கொண்டார் என்று வாதிப்பவர் வாதிக்கட்டும். எம் கேள்வி வேறு. அத்தாள்கள் 1979-க்கு முன்னரே நம் காப்பகத்தில் ஏன் இல்லை?

"நியாயஸ்தலம் வல்லார் பக்கமே சாயும்" என்பார் சிலர். அவர்க்கு மறுமொழியாக மற்றொரு வழக்கைக் காட்டுவோம். சபாவின் கிழக்கே செலிபிஸ் கடலில் சிப்பாடான், லிகித்தான் என இரு சிறு தீவுகள் உள. 1969-இல் கடலடி எல்லையைப் பற்றிப் பேசியபோது, மலேசியாவும் இந்தோனேசியாவும் அவற்றைத் தத்தமக்குரியன என்றன. இந்தோனேசியா, பிரிட்டனும் ஹாலந்தும் 1891-இற் செய்த உடன்படிக்கையைக் காட்டி, அதிற் கண்ட எல்லைக்கோடு கடலிலும் நீளும் என்றது. மலேசியாவோ, சூலு சுல்தானிடமிருந்து வரிசையாய்க் கைமாறி வந்த பாத்தியதையைக் காட்டியது. நியாயஸ்தலம் இரண்டையும் தள்ளிவிட்டது! பின்னர், அத்தீவுகளிலே அரசாங்கமாய் நடந்துகொண்டவர் யார் என்று ஆராய்ந்தது.

இந்தோனேசியாவின் பக்கம் ஒரு போர்க்கப்பல் வந்தது. 1921-இல் லிங்ஸ் என்னும் டச்சுக் கப்பல் அக்கடலில் ரோந்து சென்ற செய்தி காட்டப்பட்டது. மலேசியாவின் பக்கம் வந்தவையோ ஆமை முட்டைகள்! வட போர்னியோ அதிகாரிகள் 1917-இல் ஆமைகளைக் காக்கச் சட்டமியற்றி, சிப்பாடானில் முட்டை எடுக்க உத்தரவுச் சீட்டு வழங்கி, முட்டைக்காக எழுந்த சச்சரவைத் தீர்த்து வைத்திருந்தனர். 1933-இல் சிப்பாடானைப் பறவைகளின் சரணாலயமாக்கினர். 1962-லும் 1963-லும் இரு தீவுகளிலும் கலங்கரை விளக்கங்கள் எழுந்தன, இந்தோனேசியா ஆட்சேபிக்கவில்லை. 2002 டிசம்பர் 17-இல், 16 நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாய்த் தீவுகளை மலேசியாவுக்களித்தனர். போர்க்கப்பலை முட்டைக் கணக்கு வென்றது. பெரிய இந்தோனேசியா மலேசியாவிடம் தோற்றது. ஆறாண்டில் மலேசியா சிறிய சிங்கப்பூரிடம் தோற்றது. வல்லார் பக்கஞ் சாய்ந்தது எங்கே? இரு வழக்கிலும் தராசு ஒன்றே. நிறுத்த பொருளும் ஒன்றே. முதல் வழக்கில் 'ஆகா நீதி!' என்றவர் இரண்டாம் வழக்கில் 'ஐயோ அநீதி!' என்பது அறிவுடைமையோ?

இவ்விதி புதியதுமன்று. பிலிப்பைன்சுக்கும் டச்சு இந்தியத் தீவுகளுக்கும் இடைப்பட்ட பால்மாஸ் தீவுக்காக அமெரிக்காவும் ஹாலந்தும் வழக்காடியபோது, 1928-இல் நடுவர் மாக்ஸ் ஹூபர் இதனையே கூறினார். கண்டுபிடித்தோம் என்பது போதாது. தொடர்ந்து, அமைதியாய், அரசுரிமையைச் செலுத்தியிருத்தல் வேண்டும் என்றார். இன்று மியாங்காஸ் எனப் பெயர்பெற்ற அத்தீவு இந்தோனேசியாவுடையது. மேலும் ஒரு நுட்பம் உண்டு. தகராறு பிறந்த நாளுக்குப் பின், வழக்கை நோக்கமாகக் கொண்டு செய்யும் காரியங்களுக்கு நியாயஸ்தலம் மதிப்பளிப்பதில்லை. பத்து பூத்தேயில் அந்நாள் 1980 பிப்ரவரி 14; சிப்பாடானில் 1969. விருந்தினர் முழுகிக் களிக்கச் சிப்பாடானில் பின்னெழுந்த விடுதிகள் மலேசியாவுக்கு வழக்கில் உதவவில்லை. ஆமை முட்டைச் சீட்டே உதவியது. செக்ரோலை மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் கிராணிகள் இதனைச் சுவரில் ஒட்டிவைப்பார்களாக!

வேறு வழியையும் சில நாடுகள் கையாளுகின்றன. தென்சீனக் கடலிலே ஜான்சன் தெற்குத் திட்டில் 1988 மார்ச் 14-இல் சீனரும் வியட்நாமியரும் மோதினர். வியட்நாமியர் 64 பேர் மாண்டனர். நீரில் மூழ்கும் திட்டுக்காக 64 தாய்மார் பிள்ளைகளை இழந்தனர். 2013-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிச் சீனா ஏழு திட்டுக்களின்மேல் மணலைக் கொட்டித் தீவுகளாக்கி, ஓடுபாதைகளும் துறைமுகங்களும் அமைத்தது. பிலிப்பைன்ஸ் நடுவர் மன்றத்தை நாடிற்று. 2016 ஜூலை 12-இல், சீனா வரைந்த கோட்டிற்குள் அது கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட ஆதாரமில்லை என்று அம்மன்றம் கூறியது. சீனா ஏற்க மறுத்தது. மலேசியாவும் வாளாவிருக்கவில்லை. 1983-இல் லாயாங் லாயாங் திட்டில் படையினரை நிறுத்தி, பின்னர் ஓடுபாதையும் விடுதியும் அமைத்தது. அதற்கும் பிறர் உரிமை கோருகின்றனர்.

"பார்த்தீர்களா, பலமே வெல்கிறது, உங்கள் பதிவேடு எங்கே போயிற்று?" என்று கேட்பார் உளர். பலத்தால் மணல் நிற்கும், பகையும் நிற்கும். அதனைக் காக்கக் கப்பலுக்குமேல் கப்பல் அனுப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். சிப்பாடானிலும் பத்து பூத்தேயிலும் ஓர் உயிரும் போகவில்லை. தோற்றவர் வருந்தினர், வென்றவர் மகிழ்ந்தனர், மறுநாள் ஜொகூர்ப் பாலத்தில் வழக்கம்போல் நம் தொழிலாளர் வேலைக்குச் சென்று திரும்பினர். அண்டை வீட்டாருக்கிடையே இதனினும் மேலான வெற்றி யாது?

தோல்வியிற் பாடங் கற்றவரும் உளர். சிப்பாடானை இழந்த இந்தோனேசியா, 2005-இல் தன் எல்லைப்புறச் சிறு தீவுகள் 92-ஐப் பெயர் குறித்துப் பட்டியலிட்டு, அவற்றைப் பேணச் சட்டஞ் செய்தது. 2017-இல் அப்பட்டியல் 111 ஆயிற்று. மலேசியா தனக்குக் கிடைத்த நடுப்பாறைகளின்மேல் கடற்தளமொன்றை எழுப்பிற்று. பாறையைப் பெற்றவர் பாறையில் இருத்தல் வேண்டும் என்பதை இருவரும் அறிந்துகொண்டனர். அறியாதவர் தேநீர்க்கடையில் வாதிடுவோர் மட்டுமே.

முடிக்குமுன் நம் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. இத்தீர்ப்பைக் கேள்வியுற்று, "நாமும் நூறாண்டாய்த் தோட்டத்திற் கோவிலும் பள்ளியும் வைத்திருக்கிறோம், எவரும் ஆட்சேபிக்கவில்லை, ஆகவே நிலம் நம்முடையது" என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் பெரும்பள்ளத்தில் வீழ்வர். நாடுகளுக்கிடையே மௌனம் உரிமையைக் கைமாற்றலாம். மலேசிய நிலச் சட்டத்தில் அவ்வாறன்று. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, எத்தனை ஆண்டு இருப்பினும் இருப்பினால் மட்டும் பதிவுபெற்ற உரிமையாளரின் நிலம் நமதாகாது. அங்கே பதிவேடே உரிமை. தோட்டம் விற்கப்பட்டு இயந்திரங்கள் வந்து நிற்கும் நாளில், கோவில் வாயிலிற் படுத்துக்கொண்டு கதறுகிறோம். அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் அது தகராறு பிறந்த பின் வரும் கண்ணீர், தராசில் ஏறாது.

ஆகவே வேண்டுவன இவை. கோவிற் குழுவினர் திருவிழாவுக்குப் பணந் திரட்டுமுன், நிலம் யார் பெயரில் உளது என நில அலுவலகத்திற் பார்த்து நகல் வாங்கட்டும். உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதியோ மாற்று நில உறுதியோ கேட்டுப் பெறட்டும். சங்கத்தைப் பதிவு செய்து, கூட்டக் குறிப்பை எழுதி வைக்கட்டும். பிள்ளை பிறந்தால் பெயர் சூட்டு விழாவுக்கு முன் பிறப்புப் பதிவு நடக்கட்டும். பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளி வாயிலில் நிற்கும் பிள்ளை, எவர் தேசப்படத்திலும் இல்லாத பாறையன்றோ? அரசாங்கத்திடமிருந்தோ முதலாளியிடமிருந்தோ ஒரு கடிதம் வந்து, 'இஃது உம்முடையதா?' என்று கேட்டால், அன்றே விடை எழுதாதீர்கள். நாலு பேரைக் கூட்டிப் படியுங்கள், படித்தபின் எழுதுங்கள், எழுதியதன் நகலை வையுங்கள்.

எம்மைப் போன்ற கிராணிமார்க்கும் ஒரு சொல். நம் பேனாவைச் சிறிதென்று எண்ணற்க. ஜொகூருக்கு ஒரு வரியாற் போனது இரண்டு ஏக்கர்ப் பாறை. எம் ஒரு வரியாற் போனது ஓர் இடுகாட்டின் பாதை. அக்கதவு இன்னும் பூட்டியே கிடக்கிறது. அதனைத் திறப்பிக்க யாம் எழுதிய விண்ணப்பங்கள் இதுவரை ஏழு. ஏழின் நகலும் எம் கோப்பில் உள. எட்டாவதை இவ்வாரம் எழுதுவோம்.